காஷ் என்றொரு சொல்லும் ஒரு கறுப்பு வாளியும்

இந்த முறை ஒரு விளையாட்டின் வரலாறு. கிரிக்கெட்டோ கால்பந்தோ இல்லை. ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஊருக்கெல்லாம் அறிவிப்பார். முன்பின் தெரியாதவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடுவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். 2016-இல் என் பேரன் இதை முதன்முதலாகச் சொன்னபோது, "புதையலே இல்லாத புதையல் வேட்டையாடா இது?" என்று கேட்டுச் சிரித்தவன் நான். அடுத்த சில நாட்களில் அந்த விளையாட்டால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். என்னைப் போல் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஆங்கிலேயர் "கேஷ்" என்று உச்சரிக்கும் அந்தச் சொல் எங்கள் பள்ளிக்கூடத்துச் சொல். "காஷே" என்றால் ஒளித்து வைப்பது. இடைவேளையில் நாங்கள் ஆடிய கண்ணாமூச்சிக்கு "காஷ் காஷ்" என்றுதான் பெயர். அந்தச் சொல் வட அமெரிக்காவுக்குத் தோல் வியாபாரிகளோடு போனது. கனடாவிலிருந்து காடுகளுக்குள் போன பிரெஞ்சுக்காரர்கள், சுமக்க முடியாத சாமான்களை மண்ணுக்குள் மறைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிக்கு "காஷ்" என்று பெயர்.

1805 ஜூனில் லூயிஸ், கிளார்க் இருவரும் பசிபிக் கடலைத் தேடிப் போன பயணத்தில், மரையாஸ் ஆறு மிசோரி ஆற்றில் சேரும் இடத்தில் இப்படி ஒரு காஷ் தோண்டினார்கள். அந்த வேலை தெரிந்தவர் என்று பொறுப்பை ஏற்றவர் அந்தக் குழுவிலிருந்த க்ருசாத் என்ற படகோட்டி. அவருடைய தகப்பன் வழி பிரெஞ்சு. அந்தக் குழியை வெட்டும் முறையை லூயிஸ் தம் குறிப்பேட்டில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். காய்ந்த மேட்டு நிலமாகப் பார்த்து, புல்தரையை வட்டமாக வெட்டிச் சிதையாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். கீழே போகப் போகக் குழியை அகலப்படுத்திக் கொண்டே போக வேண்டும். தோண்டிய மண்ணைத் தரையில் சிந்தாமல் தோலிலோ துணியிலோ அள்ளி ஆற்றில் கொட்ட வேண்டும். குச்சியும் தோலும் பரப்பிச் சாமானை வைத்து மூடி, எடுத்து வைத்த புல்வட்டத்தை மேலே பொருத்திவிட்டால், அங்கே மனிதக் கை பட்டதே தெரியாது. அந்தக் காலத்துக் காஷின் நோக்கம் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பது. இந்தக் காலத்துக் காஷின் நோக்கம் யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது. சொல் ஒன்றுதான், எண்ணம் நேர் எதிராகிவிட்டது.

கண்டுபிடிப்பதற்காக ஒளித்து வைக்கும் பழக்கம் ஜி.பி.எஸ்ஸுக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அந்த இடத்துக்கு நடந்து போய்ச் சேருவதே பெரும்பாடு. போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அந்தப் பாட்டிலில் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு பாட்டில் பெட்டியாகி, ஒன்று பலவாகி, "லெட்டர் பாக்சிங்" என்ற பொழுதுபோக்கானது. அதில் இடத்துக்கான அடையாளம் சொற்களால்தான். இந்தப் பாறையிலிருந்து இத்தனை தப்படி, அந்தக் குன்று இந்தத் திசையில் தெரிய வேண்டும் என்று குறிப்பு எழுதுவார்கள்.

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை நடக்காத காரியம். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரத்தின் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது 4 கோள்களின் சைகை கிடைத்தால், அவை வந்து சேர ஆன நேரத்தைக் கணக்கிட்டு நம் கருவி இருக்கும் இடத்தைச் சொல்லும். 1983 செப்டம்பரில் கொரிய விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்குப் போகும் சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் நூறு மீட்டர் வரை தவறு வரும். நூறு மீட்டர் தவறினால் டப்பாவை எங்கே தேடுவது? காடு முழுக்கத் தேட வேண்டியதுதான்.

2000 மே 1-ஆம் தேதி, அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அதிபர் கிளின்டன் அறிவித்தார். அன்று நள்ளிரவு, உலகத்தில் இருந்த எல்லாக் கருவிகளும் சொல்லாமல் கொள்ளாமல் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. புதுக் கருவி வாங்கவில்லை, மாற்றவில்லை. ராத்திரி தூங்கப் போன கடிகாரம் காலையில் சரியான நேரம் காட்டியது போல.

இரண்டே நாள். மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். அதில் ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சில வீடியோ நாடாக்கள், புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரை. வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம் என்று ஜி.பி.எஸ். ஆர்வலர்களின் இணையக் குழுவில் எழுதினார். எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வை, நோட்டில் எழுது. இவ்வளவுதான் விதி. மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கண்டவர் மைக் டீக். அவரே இத்தகைய இடங்களைப் பட்டியலிட ஒரு பக்கமும் தொடங்கினார். முதலில் இதை "ஸ்டாஷ்" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லில் கள்ளச் சரக்குப் பதுக்கும் வாடை அடித்ததாலோ என்னவோ, அதே மாதம் 30-ஆம் தேதி மாட் ஸ்டம் என்பவர் "ஜியோகேஷிங்" என்ற பெயரை முன்வைத்தார். க்ருசாத்தின் சொல் திரும்ப வந்தது! செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்றே இணையதளம் திறந்தபோது உலகம் முழுவதும் 75 காஷ்கள்தான். இன்று 30 லட்சத்துக்கும் மேல். அன்டார்டிகாவில் உண்டு. 2008-இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் விண்வெளி நிலையத்திலேயே ஒன்று வைத்துவிட்டு வந்தார்.

அந்த வாளியிலிருந்த அவரை டின், பழைய டின்னாகவே இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஆர்வலர் கூட்டங்களில் அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். வாளி இருந்த இடத்தில் பலகை பதித்திருக்கிறார்கள்.

விளையாட்டு வளர வளர விதிகளும் வளர்ந்தன. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதைப் படிப்பதில் தனி இன்பம். இரண்டு காஷ்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். நில உரிமையாளர் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. முதல் வாளியே பாதி புதைத்து வைத்ததுதான் என்பதைக் கவனியுங்கள். தேடுவது எவ்வளவு கடினம், போகும் வழி எவ்வளவு கரடுமுரடு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை தனித்தனி மதிப்பெண். பழைய பிலிம் சுருள் டப்பா அளவில் இருப்பது "மைக்ரோ". விரல் நுனி அளவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. 2002-இலிருந்து, தேடப் போகிறவர்கள் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வரும் வழக்கமும் சேர்ந்தது.

சரி, இதைப் பற்றி வெளியாட்கள் என்ன நினைக்கிறார்கள்? விளையாடாதவர்களை இவர்கள் "மகிள்" என்கிறார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாதவர்களுக்கு வைத்த பெயர். அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அது "மொல்தியு". பிரான்சில் அதைத்தான் சொல்கிறார்கள். மொல்தியு பார்க்காதபோது எடுக்க வேண்டும், பார்க்காதபோது வைக்க வேண்டும். சிக்கலே இங்கேதான். யாரும் பார்க்கக் கூடாது என்று சுற்றும் முற்றும் பார்க்கிற ஆளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

2011 ஜூலையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறு நகரத்தின் நடுவில், ஒருவர் சந்தேகமாக நடந்துகொள்கிறார் என்று தகவல் போய், தெருவைக் காலி செய்து, ராணுவ வெடிகுண்டுப் பிரிவு வந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை வெடிக்கச் செய்தது. பெட்டிக்குள் இருந்தது காஷ். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் 2005-இல், கல்லறைத் தோட்டங்களிலும் தொல்லியல் இடங்களிலும் இதை விளையாடுவதைக் குற்றமாக்க ஒரு மசோதா வந்தது. கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் ஆரம்பத்தில் டப்பா வைக்க விடவில்லை. தடமில்லாத இடத்தில் நாலு பேர் நடந்தால் தடமாகிவிடும் என்ற அவர்கள் கவலை நியாயமானது. அதற்கு 2004-இல் ஒரு நல்ல தீர்வு வந்தது. "எர்த் காஷ்" என்று டப்பாவே இல்லாத வகை. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ அருவியையோ பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். அமெரிக்கப் புவியியல் கழகத்தின் ஆதரவோடு வளர்ந்தது இது.

இனி என் கதை.

2016 மே மாதம் பாரிசுக்கு வெளியே இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தைய நவம்பரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பிரான்சில் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். பேரனுக்கு 11 வயது. ஜூனில் ஒரு புதன்கிழமை மத்தியானம் "வாங்க தாத்தா, ஒரு காஷ் தேடலாம்" என்று அழைத்துப் போனான். அந்த ஊரில் ஒரு பழைய "லவ்வார்" இருக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடித் துணி துவைத்த கல்தொட்டி, மேலே ஓட்டுக் கூரை. காஷ் வைத்தவர் அந்தத் துறையின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு இந்த விளையாட்டின் மீது மரியாதை வந்தது. டப்பா ஒரு சாக்கு. மறந்துபோன இடத்துக்கு நாலு பேரை வரவழைப்பதுதான் காரியம்.

கருவி "வந்துவிட்டாய்" என்றது. எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதற்கு மேல் கண்ணும் கையும்தான். பேரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மண்டியிட்டுக் கல்லுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். நாயோடு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தார். நான் வழக்கப்படி "போன்ழூர் மதாம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். பத்து நிமிடம். என் விரலில் டப்பா தட்டுப்பட்டு, பேரன் "கிடைச்சிடுச்சு!" என்று குதித்த அதே நேரம், நகராட்சிப் போலீசார் இருவர் வந்து நின்றார்கள்.

கையிலிருப்பதைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பாஸ்போர்ட் கேட்டார்கள். வீட்டில் இருந்தது. ஆனால் அதன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், முப்பது வருட ஆபீஸ் பழக்கம். பேரன் வேகவேகமாக விளக்கினான். நானும் எங்கள் பள்ளிக்கூடத்து இலக்கணப் பிரெஞ்சில் விளக்கினேன். அந்தப் பிரெஞ்சைக் கேட்டு இளைய போலீஸ்காரர் லேசாகச் சிரித்தார். நல்லபடியாகவே பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வரும் வழியெல்லாம் பேரன் அழுதான். போலீசுக்குப் பயந்து அல்ல. "அது நம்மளுது இல்ல தாத்தா. வேற யாரோ வச்சது. நம்மளால போயிடுச்சு." அந்தத் தாளில் 2009-இலிருந்து கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் இருந்தனவாம். ராத்திரி மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, இனிமே அவனோட இதுக்குப் போக வேண்டாம். அங்க மண்டி போட்டிருந்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவா இருந்தா அந்தம்மா போன் பண்ணியிருப்பாங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தூக்கமும் வரவில்லை. படுத்துக்கொண்டே பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 1970-களின் கடைசியில் நான் நில அளவைப் பதிவுகளில் எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் எண்ணைப் புது சர்வே எண்ணோடு ஒப்பிடும் வேலை. எழுத்தர் என்றாலும், சர்வேயருக்குப் பதிவேடு தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போவதுண்டு. படத்தில் கல் இருக்கும். தரையில் இருக்காது. சங்கிலி பிடித்து, மண்டியிட்டு, மண்ணைச் சுரண்டித் தேடுவோம். பாகூர்ப் பக்கம் ஒரு பாட்டி வரப்பில் நின்று நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "யாரு நெலத்தப் புடுங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். கல்லைத்தான் தேடுகிறோம் என்று சர்வேயர் சொன்னார். அவள் நம்பவில்லை. நாங்கள் கண்டுபிடித்துக் காட்டிய பிறகும் நம்பவில்லை. அன்றைக்கு எனக்கு அவள் அறியாதவளாகத் தெரிந்தாள். காகிதத்தோடு வந்து மண்ணைக் கிளறியவர்களால் அவளுக்கு முன்பு என்ன நேர்ந்ததோ, அதை நான் கேட்கவே இல்லை.

எழுந்து விளக்கைப் போட்டு, மேரிக்கு ஒரு மனு எழுதினேன். நம்மூர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி போல அங்கே ஊருக்கு ஒன்று உண்டு. தேதி, நேரம், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை. பொருள்: 35 மில்லிமீட்டர் பிலிம் டப்பா ஒன்று, நிறம் கறுப்பு, உள்ளே சுருட்டிய தாள் ஒன்று, விலைமதிப்பு ஏதுமில்லை. விலைமதிப்பு இல்லாத காரணத்தாலேயே வேறொன்றை ஈடாக வைக்க முடியாது என்பதால், அதைத் திருப்பித் தரும்படி வேண்டுகிறேன். கீழே, மேன்மைதங்கிய முறைகளெல்லாம் போட்டு முடித்தேன். இரண்டு வாரம் கழித்து, வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது! தாத்தாவும் பேரனுமாகப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தோம். காஷின் சொந்தக்காரருக்குப் பேரன் எழுதினான். அவரும் என் வயதுக்காரர்தான். நேரிலேயே வந்து, டப்பாவை எங்கள் கையாலேயே திரும்ப வைக்கச் சொன்னார். மகளும் கூட வந்தாள். தாளில் கடைசிப் பெயருக்குக் கீழே, பேரன் பிரெஞ்சிலும் நான் தமிழிலும் எழுதினோம். அங்கே வழக்கமாக எழுதுவது "மெர்ஸி பூர் லா காஷ்", காஷுக்கு நன்றி.

ஜூலைக் கடைசியில் போக்கிமான் கோ என்ற விளையாட்டு பிரான்சுக்கு வந்தது. அதுவும் ஜி.பி.எஸ்ஸை வைத்துத் தேடும் விளையாட்டுதான். ஒரே வாரத்தில் பூங்காவெங்கும் பெரியவர்களும் பிள்ளைகளும் போனைப் பார்த்தபடி புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பைத்தியம் பைத்தியமாகத் தோன்றுவதில்லை போலும்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், அந்த நாய் அம்மாளை லவ்வார் பக்கத்தில் பார்த்தேன். இம்முறை நான் வாய் திறப்பதற்குள் அவரே, "இன்னும் தேடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, கிடைத்துவிட்டது என்றேன். எங்கே இருக்கிறது என்று கேட்டார். விதிப்படி மொல்தியுவிடம் சொல்லக் கூடாது. பேரனைப் பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கல்லுக்கு அடியில் கொண்டுபோய்க் காட்டினான். மகள் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் செய்தது சரியென்றுதான் படுகிறது.